மெய்யாலும்மா

அவளுக்கு நாங்கள் யாரும் பெயர் வைக்கவில்லை. அவளே வாயைத் திறந்து வாங்கிக்கொண்டது. எதைச் சொன்னாலும் அந்த நீல முழியை உருட்டி, "மெய்யாலுமா?" என்று ஒரு கேள்வி. நாளைக்கு கரண்ட் வராது என்றால், மெய்யாலுமா. மத்தி மீன் நெஞ்சுக்கு நல்லது என்றால், மெய்யாலுமா. குப்பத்துப் பிள்ளைகள் கொஞ்ச நாள் பார்த்தார்கள், அப்புறம் அவளையே ‘மெய்யாலும்மா’ ஆக்கிவிட்டார்கள். பாஸ்போர்ட்டில் வேறொரு பெயர் இருந்தது. ஐரோப்பாவில் ஏதோ ஒரு சின்ன நாட்டுப் பெயர். அதைச் சரியாகச் சொல்லிப் பழகுவதற்குள் எனக்குப் பல் ஆடிப்போயிருக்கும்.

நான் அப்போது மாமல்லபுரத்தில் கடை வைத்திருந்தேன். முதலில் எஸ்டிடி பூத், கூடவே ஜெராக்ஸ், அப்புறம் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு பிரவுசிங் சென்டர். சுனாமிக்கு முந்தின வருஷங்கள். எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு, சுனாமிக்கு முன்னாடி, சுனாமிக்குப் பின்னாடி. கடைக்குப் பின்பக்கம் கடலோரமாகக் குப்பம், அதில் எங்கள் வீடு. வீட்டுக்காரர் படகில் போகிறவர். மாமியார், அதாவது எங்கள் அத்தை, மாடியில் ஒரு ரூம் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். அந்த ரூமுக்குத்தான் அவள் வந்தாள். வரும்போது புருஷனோடு வந்தாள்.

பொய் சொல்லாதவர்கள் என்று நாம் யாரையாவது மெச்சிப் பேசுகிறோமே, அவர்களோடு ஒரே வீட்டில் இருந்து பார்க்க வேண்டும். பேஜாரு பிடித்த வேலை அது. குப்பத்துப் பிள்ளைகளிடம் தமிழ் கற்றுக்கொண்டு பேச ஆரம்பித்த புதிதில் ஒருநாள் அத்தை ஆசையாக வஞ்சிர மீன் குழம்பு கொடுத்துவிட்டு, "எப்டி கீது?" என்று கேட்டார். "உப்பு ஜாஸ்தி. நேத்து நல்லா இருந்துச்சு" என்றாள். அத்தையின் குழம்பை அதுவரைக்கும் ஊரில் ஒருத்தர் குறை சொன்னதில்லை, சொல்லிவிட்டு உயிரோடு போகவும் முடியாது. அன்று முழுக்க அத்தை பாத்திரங்களைப் போட்டு உடைத்தார். மறுநாள் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? குழம்பை இறக்கியதும் கரண்டியில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். அதற்குப் பிறகு உப்பு புளி எல்லாம் அவள் நாக்கில் பட்டுத்தான் எங்களுக்கு வரும். நாங்கள் நல்லா இருக்கு என்றால் அத்தை நம்பவே மாட்டார்.

கல்யாண வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பெண்ணின் அம்மா வந்து "எம் பொண்ணு எப்டி கீறா?" என்று கேட்கிறாள். இவள் பெண்ணை நன்றாகப் பார்த்துவிட்டு, "அழகு இல்ல. ஆனா சிரிச்சா நல்லா கீது" என்கிறாள். நான் அவள் முதுகில் ஒரு அடி வைத்தேன். ஆனால் கேளுங்கள், அந்தக் கல்யாண போட்டோவில் அந்தப் பெண் எல்லாப் படத்திலும் பல் தெரியச் சிரித்திருப்பாள்.

தெருவில் யாராவது "சாப்டியா?" என்று கேட்டால், ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போவதுதானே வழக்கம். இவள் சாப்பிடவில்லை என்றால் "இல்ல, பசிக்குது" என்பாள். கேட்டவள் என்ன செய்வாள், கூப்பிட்டு இலை போட வேண்டியதுதான். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள், அவ்வளவுதான்.

அவளுடைய பிழைப்பும் அப்படிப்பட்டதுதான். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்து ஒரு சீட்டு வைத்திருப்பார்களே, யாரும் படிக்காத சீட்டு, அதைத் தன் பாஷையில் எழுதிக் கொடுக்கிற வேலை. ஆபீஸ் கிடையாது, முதலாளி கிடையாது. எங்கேயோ ஒரு கம்பெனி என் கடைக் கம்ப்யூட்டருக்கு மெயில் அனுப்பும், இவள் உட்கார்ந்து எழுதித் திருப்பி அனுப்புவாள். ஒரு வார்த்தைக்காக ஒரு மத்தியானம் பூரா முகட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "எதாச்சும் போட்டு அனுப்பேன், யாரு படிக்கப்போறா?" என்பேன். "ஒருத்தி படிப்பா. அவ புள்ளைக்கு காய்ச்சல் இருக்கும்" என்பாள்.

ஒரு விஷயம் மட்டும் எங்களுக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வீட்டை விட்டுக் கிளம்புகிறபோது அவள் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லவே மாட்டாள். நம் வீடுகளில் ‘போறேன்’ என்று சொன்னால் பெரியவர்கள் பதறிப்போவார்கள், அது சாவு வார்த்தை. அத்தை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்தார். கடைக்குப் போய் உடனே திரும்புவதாக இருந்தால் மட்டும், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "போயிட்டு வரேன்" என்பாள். மற்ற நேரத்தில் தலையை ஆட்டிவிட்டு இறங்கிவிடுவாள். திமிர் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

காரணம் அவள் புருஷன். அவன் ஒரு காலையில் கடற்கரைக் கோயிலுக்குத் தெற்கே குளிக்கப் போனான். அங்கே இழுப்பு ஜாஸ்தி, குப்பத்துப் பிள்ளைகளே இறங்கமாட்டார்கள். சொல்லிப் பார்த்தார்கள், அவன் கேட்கவில்லை. கிளம்புகிறபோது, காபியை மூடி வை, இதோ வந்துவிடுகிறேன் என்று அவர்கள் பாஷையில் சொல்லிவிட்டுப் போனானாம். எங்கள் வீட்டுக்காரர் படகில்தான் அவனைக் கொண்டுவந்தார்கள். மாடியில் அந்தக் காபி மூடியபடியே இருந்தது, நான்தான் கொட்டினேன். இதை அவள் எனக்குச் சொன்னது வெகுநாள் கழித்து. "கஸ்தூரி, அவரு வரேன்னு சொன்னாரு. வரல. அவரு பொய்யி சொல்லல, ஆனா பொய்யி ஆயிடுச்சு. நான் வருவேனான்னு தெரியாம வரேன்னு எப்டி சொல்றது?"

உடம்பை ஊருக்கு அனுப்ப அவளால் முடியவில்லை. கோவளத்தில் கோயில் ஃபாதர் பெரிய மனசு பண்ணி கல்லறைத் தோட்டத்தில் ஒரு இடம் கொடுத்தார். கடல் சத்தம் கேட்கிற இடம். அதோடு அவள் ஊருக்குப் போகிற பேச்சை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோவளம் பஸ் ஏறுவாள், கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பன்னைத் தின்பாள், திரும்பி வருவாள். அழுது நான் பார்த்ததில்லை. அங்கே இருந்த வீட்டையும் தம்பியிடம் கொடுத்துவிட்டாளாம். விசா முடிகிற நேரத்தில் கொழும்புக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டு வருவாள். அந்தச் சமயங்களில் ‘போயிட்டு வரேன்’ வராது, தலையாட்டல்தான். அவள் திரும்பி வருகிறவரைக்கும் அத்தைக்குச் சோறு இறங்காது.

இப்படியே ஓடியிருக்கும். அவளுடைய ஊர் பேங்க் ஒருநாள் முழித்துக்கொண்டது. நீ இந்த நாட்டிலேயே இல்லை, உனக்கு இங்கே விலாசமும் இல்லை, உன் கணக்கை மூடப்போகிறோம் என்று மெயில் வந்தது. தம்பி விலாசத்தைக் கொடு என்றேன். "அங்க நான் இல்லையே" என்றாள். மூடிவிட்டார்கள். வேலை செய்த பணம் கம்பெனியிலேயே நின்றுபோனது. கணக்கு நம்பர் கொடு, அனுப்புகிறோம் என்று கம்பெனி கேட்டுக்கொண்டே இருந்தது. பணம் இருக்கிறது, வந்து இறங்க ஒரு இடம் இல்லை.

சரி, இங்கேயே ஒரு கணக்கு ஆரம்பித்துக்கொள்ளலாம் என்று நான்தான் அவளை பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் சாலையோரம் இருந்த சின்னக் கிளை. எனக்கு அங்கே கணக்கு உண்டு, புதிதாக வருகிறவர்களுக்குப் பழைய ஆள் ஒருத்தர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும், அதை நான் போடுவதாக இருந்தேன். ஏதோ ஊர்சுற்றிப் பார்க்கப் போகிறமாதிரிதான் போனோம்.

மேனேஜர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நல்ல மனுஷன், அதுதான் கஷ்டமே. அவளை உட்கார வைத்து மோர் வாங்கிக் கொடுத்தார். எந்தக் கம்பெனியில் வேலை என்றார். எந்தக் கம்பெனியிலும் இல்லை என்றாள். அப்போ வேலை இல்லையா என்றார். இருக்கிறது என்றாள். சம்பளச் சீட்டு? இல்லை. ரேஷன் கார்டு? இல்லை. இந்த விசாவில் ஊர்சுற்றிப் பார்க்க வந்ததாகப் போட்டிருக்கிறதே, சுற்றிப் பார்க்கத்தானே வந்தீர்கள் என்று அவர் கேட்டார். பாவம், ஒரு வழி கண்டுபிடிக்கத்தான் கேட்டார். "இல்ல. சுத்திப் பாத்து முடிஞ்சிடுச்சு. இப்போ சும்மா இருக்கேன்" என்றாள். எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. அவர் காகிதங்களை அடுக்கி அவள் கையில் கொடுத்து, "பாப்போம்மா. போயிட்டு வாங்க" என்றார்.

மறுநாள் காலை பேங்க் திறக்கிறபோது அவள் வாசலில் நின்றாள்.

"என்னம்மா?"

"வரச் சொன்னீங்க. பாப்போம்னு சொன்னீங்க. பாத்தீங்களா?"

அவர் திரும்பவும் மோர் வாங்கிக் கொடுத்தார். திரும்பவும் போயிட்டு வாங்க என்றார். மறுநாளும் போனாள். அப்புறம் அது தினப்படி ஆகிவிட்டது. பேங்க் பியூன் அவளுக்கென்று ஒரு நாற்காலியை மின்விசிறிக்குக் கீழே போட்டுவைப்பார். மேனேஜர் மேலே எழுதிப் போட்டிருந்தார், மேலே இருந்து ஒன்றும் வரவில்லை. வரவில்லை என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நம் ஆட்கள் யாருக்கு வாய் வரும்? கடைசியில் நான்தான் அவளைக் கடையில் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன்.

"இதோ பாரு, ‘போயிட்டு வாங்க’ன்னா வான்னு அர்த்தம் இல்ல. போன்னு அர்த்தம்."

"மெய்யாலுமா? அப்போ வரச் சொல்றதுக்கு இன்னா சொல்வீங்க?"

"அதுக்கும் போயிட்டு வாங்கதான்."

"அப்போ எனக்கு எப்டி தெரியும்?"

"மூஞ்சிய பாத்துத் தெரிஞ்சிக்கணும்."

"அவரு மூஞ்சி நல்ல மூஞ்சி கஸ்தூரி. அதப் பாத்தா வான்னுதான் தோணுது" என்றாள். நான் வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

சென்னையில் விசா ஆபீசுக்கும் ஒரு நடை போய்வந்தோம். நீண்ட நாள் இருக்க வேண்டும் என்றால் இங்கே வருமானம் வருவதைக் காட்டு, பேங்க் கணக்கைக் காட்டு என்றார்கள். பேங்கில் நீண்ட நாள் விசாவைக் காட்டு என்றார்கள். ரெண்டு ஆபீசும் ஒன்றையொன்று கை காட்டிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தன. நடுவில் இவள் பஸ் மாறி பஸ் ஏறிக்கொண்டிருந்தாள்.

யாரோ சொன்னார்கள், செங்கல்பட்டு கோர்ட்டு வாசலில் நோட்டரி வக்கீலிடம் இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன் என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்று வாங்கிக்கொண்டு போனால் பேங்கில் தலையசைப்பார்கள் என்று. போனோம். புளியமரத்தடியில் டைப்ரைட்டர் மிஷினோடு உட்கார்ந்திருந்த வக்கீல் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பத்து வருஷமா இதே விலாசத்துல இருக்கறாங்கன்னு அடிச்சிடலாம். இன்னாருக்கு சம்சாரம்னு இந்த ஊர் ஆள் பேர் ஒண்ணு சேத்தா இன்னும் ஸ்ட்ராங்கு. யாரு வந்து பாக்கப்போறா?" என்றார். இவள் அவர் மிஷினில் இருந்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பத்து வருஷம் இல்ல."

"தெரியும்மா. ஒரு பேச்சுக்கு."

"என் புருஷன் கோவளத்துல கீறாரு."

வக்கீல் குஷியாகிவிட்டார். "அத மொதல்ல சொல்லக்கூடாதா! கூட்டினு வாங்க, ஒரு கையெழுத்துல முடிஞ்சிடும்."

நான் அவளை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். திருக்கழுக்குன்றம் வருகிறவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தேன். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறமாதிரி திறந்தேன். "ஒரு பொய்யி! ஒரே ஒரு பொய்யி சொன்னா குடியா முழுகிடும்? எங்க ஊர்ல பொய்யி சொல்லாம ஒரு கேஸ் கனெக்‌ஷன் வாங்க முடியுமா? உனுக்கு மட்டும் இன்னா தனி சட்டமா? எங் கணக்கு நம்பரைக் கொடு, கம்பெனிக்காரன் எனுக்கு அனுப்பட்டும், நான் எடுத்துத் தரேன்!"

"வேலை செஞ்சவங்க பேர்லதான் அனுப்புவாங்க. நீ செஞ்சேன்னு எழுதணும்."

"எழுதேன்!"

"மருந்து சீட்டு கஸ்தூரி. தப்பா இருந்தா உன்னைத்தான் கேப்பாங்க. புள்ளைக்கு எதாச்சும் ஆனா நீதான்னு ஆயிடும்."

எனக்கு அவளைப் பஸ்ஸிலிருந்து தள்ளிவிடலாம் போல ஆத்திரம். தள்ளிவிட்டுவிட்டு நானும் இறங்கி அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. ரெண்டும் செய்யவில்லை. மாமல்லபுரம் வந்ததும் அவள் இறங்கி நடந்தாள், பின்னாலேயே நான் நடந்தேன்.

கையில் இருந்தது தீர்ந்துபோனதை நாங்கள் எப்படிக் கண்டுபிடித்தோம் தெரியுமா? அவள் சாப்பாட்டு நேரத்தில் தெருவில் வருவதை நிறுத்திவிட்டாள். மத்தியானம் ஆனால் கடற்கரைப் பக்கம் எங்காவது போய்விடுவாள், எல்லோரும் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவின பிறகுதான் படியேறுவாள். நான் பிரவுசிங் சென்டர் கவலையில் இதைக் கவனிக்கவில்லை. அத்தைதான் ஒருநாள் சாயங்காலம் கடைக்கு வந்தார், மூச்சு வாங்க. "அடியே, அந்தப் பொண்ணு பட்னி கெடக்குதுடி" என்றார்.

"அவ சொன்னாளா?"

"சாப்டியான்னு யாராச்சும் கேட்டா இல்லன்னு சொல்லணும். சொன்னா சோறு போடுவாங்க. அதுக்காவ வாயே கொடுக்காம ஓடுது. ஆச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியலயே அதுக்கு."

அன்றிலிருந்து அத்தை அவளிடம் சாப்டியா என்று கேட்பதை விட்டுவிட்டார். தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு படியேறுவார், அவள் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். உப்பு எப்படி என்று மட்டும் கேட்பார். வாடகையைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. அவள்தான் மாதம் பிறந்தால் படியில் நின்று, "வாடகை இல்லம்மா" என்று சொல்லுவாள். சொல்லாமல் இருந்திருக்கலாம், நாங்கள் கேட்கவே இல்லை. ஆனால் சொல்லுவாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விடுவேன். குழம்புக்கு நாக்கைக் கொடுத்தவள், இப்போது குனிந்த தலை நிமிராமல் தின்றாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிற்று. கொழும்புக்குப் போய்வர வழியில்லை, விசா தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. அது முடிந்தால் போலீஸ்தான்.

கடைசி முறையாக மேனேஜர் ஒரு விண்ணப்பப் பாரத்தை எடுத்து நீட்டினார். "இதை முழுசா நிரப்பிக் கொடுங்கம்மா, நான் ரீஜனல் ஆபீசுக்கு நேர்ல கொண்டுபோய்க் கேக்கேன்" என்றார். மெய்யாகவே கொண்டுபோகிற முகம்தான் அது. அவள் ஒவ்வொரு கட்டத்துக்கும் என்னைக் கேட்டுக் கேட்டு எழுதினாள். ஒரு இடத்தில் நின்றாள்.

"நிரந்தர முகவரின்னா இன்னா கஸ்தூரி?"

எனக்கு அவசரம், கடையில் ஆள் நிற்கிறார்கள். "எப்பவும் இருக்கற எடம். மாறாத எடம். அத எழுது" என்று சொல்லிவிட்டேன்.

எழுதினாள். மேனேஜர் பாரத்தை வாங்கி மேலிருந்து விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார். விரல் நின்றது. திரும்பப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"என்னம்மா இது? கோவளம் கல்லறைத் தோட்டம்னு போட்டிருக்கு?"

"எப்பவும் இருக்கற எடம். அவரு அங்கதான் கீறாரு. நானும் அங்கதான் இருப்பேன். ஃபாதர் பக்கத்துல எடம் வெச்சிருக்காரு."

கவுண்ட்டரில் பணம் எண்ணிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மேனேஜர் பாரத்தை மேசை மேல் வைத்தார். அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

"முடியாதும்மா. இதை நான் எடுத்துட்டுப் போக முடியாது. வேற முகவரி எழுதினாலும் நடக்காது. முதல் நாளே எனக்குத் தெரியும். உங்க மூஞ்சியப் பாத்துச் சொல்ல வரல."

அவள் எழுந்தாள். ரெண்டு கையையும் கூப்பி, "ரொம்ப தேங்க்ஸ் சார். இப்போ புரிஞ்சிடுச்சு" என்றாள். வெளியே வந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். அங்கேதான் அழுதாள். புருஷன் செத்த அன்றைக்கு அழாதவள், பேங்க் வாசலில் வாயை மூடிக்கொள்ளக்கூடத் தெரியாமல் குழந்தை மாதிரி அழுதாள். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று, கணக்கில் பணம் போய்விட்டதா என்று கேட்டார்கள். மேனேஜர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார், இறங்கி வரவில்லை. அன்றைக்கு அவர் போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.

அவள் தன் நாட்டுத் தூதரகத்துக்கு எழுதிப் போட்டாள், அவர்கள் டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். ஊருக்குப் போய்த் திருப்பிக் கட்ட வேண்டிய கடன் டிக்கெட். வருகிற வாரம் கிளம்ப வேண்டும் என்று தெரிந்ததுமே வீட்டில் ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அவள் போகிறாளே என்கிற துக்கம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்லிவிடுவாளே என்கிற பயம். அவளுக்குத் திரும்பி வர வழி இல்லை, அது அவளுக்குத் தெரியும், தெரிந்ததைத்தான் சொல்லுவாள். அத்தைக்கு அது ஆகாது. புருஷனைக் கடலுக்குக் கொடுத்த மனுஷி அவர், மாமனார் கட்டுமரத்தில் போனவர்தான். யார் அந்த வார்த்தையைச் சொன்னாலும் அன்று முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருப்பார். நான் மாடிக்குப் போய்க் கெஞ்சினேன். "இதோ பாரு, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். தலைய ஆட்டிட்டு எறங்கிடு. எப்பவும் போல."

"சரி" என்றாள். துணியை மடித்துக்கொண்டிருந்தாள். பாதிக்கு மேல் எங்கள் வீட்டு நைட்டிதான்.

கிளம்புகிற அன்று காலையிலேயே கோவளம் போய்விட்டு வந்தாள். பன் வாங்கக் காசில்லை, நான் கொடுத்தேன், அதைக் கல்லறை மேலேயே வைத்துவிட்டு வந்தாளாம். மத்தியானம் அத்தை குழம்பு வைத்தார். கரண்டியில் எடுத்து அவள் வாயருகே நீட்டி, "எப்டி கீது?" என்றார். அவள் ருசி பார்த்துவிட்டு, "உப்பே இல்லம்மா" என்றாள். அத்தை அன்றைக்கு உப்புப் போட மறந்திருந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எல்லோரும் போனோம். சென்னை பஸ் வந்து நின்றது. எங்கள் வீட்டுக்காரர் பையை மேலே போட்டார். அவள் அத்தையின் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். நான் பின்னால் நின்று, ஆட்டு, தலையை ஆட்டிட்டு ஏறு, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண்டக்டர் விசில் கொடுத்தான். அவள் யோசித்தாள். கடைக்குப் போய் உடனே திரும்புவதாக இருந்தால் ஒரு நிமிஷம் யோசிப்பாளே, அதே மாதிரி. பிறகு தெளிவாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி,

"போயிட்டு வரேன்மா" என்றாள்.

எனக்கு மெய்யாலுமா என்று கேட்க நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அத்தை என் கையைக் கிள்ளினார், சதை பிய்கிற மாதிரி. "போயிட்டு வாம்மா" என்றார் அவளிடம். பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் நான், "அவளுக்கும் பொய்யி சொல்லத் தெரிஞ்சிடுச்சு அத்தை. நம்பகிட்ட கத்துக்கினா" என்றேன். அத்தை என்னை அடிக்க வந்துவிட்டார். "வாய மூடு. அது சொன்னா வரும். என் கொழம்பையே உப்புன்னு சொன்ன பொண்ணு, என்கிட்ட பொய்யி சொல்லுமா?" என்றார். அன்று மாடி ரூமைக் கழுவிப் பூட்டினார். சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

கொஞ்ச நாள் மெயில் வந்தது, சின்னச் சின்னதாக. நலம், குளிர், வேலை தேடுகிறேன். அப்புறம் அதுவும் நின்றது. மேனேஜருக்கு மாற்றல் வந்தபோது கடைக்கு வந்து, "அந்தம்மா வந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "பாப்போம்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

சீசனில் ரூம் கேட்டு வருகிறவர்களை எல்லாம் அத்தை திருப்பி அனுப்பினார். வீட்டுக்காரர் சண்டை போட்டுப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை. சுனாமி வந்தது. எங்கள் வீட்டுக் கீழ்ச்சுவரும் மாடிப்படியும் போய்விட்டன, கடையில் கம்ப்யூட்டர் எல்லாம் சேறு. நிவாரணப் பணம் வந்ததும் சமையல்கட்டைக் கட்டலாம் என்று நான் சொன்னேன். அத்தை முதலில் மாடிப்படியைக் கட்டச் சொன்னார். "வந்தா எது வழியா ஏறும்?" என்றார். படிதான் கட்டினோம்.

அத்தை போய்ச் சேர்ந்தாகிவிட்டது. சாவி இப்போது என் இடுப்பில். இப்போதும் கார்த்திகை, மார்கழியில் பையைத் தூக்கிக்கொண்டு யாராவது வாசலில் நின்று, ரூம் காலியா என்று கேட்பார்கள். நான் வாய் கூசாமல் எத்தனையோ பொய் சொல்கிறவள். ஆனால் காலி என்று சொல்ல எனக்கு இன்றுவரைக்கும் வாய் வரவில்லை.

"இல்லீங்க, ஆள் கீறாங்க. வெளிய போயிருக்காங்க. வருவாங்க" என்கிறேன்.